இரண்டாவது ஆர்டர்: ஊரிலுள்ள கறுப்பினத் தொழில்முனைவோருக்குச் சிறு கடைகள் துணை நிற்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் சொந்தமாகக் கடை நடத்தும் ஒருவர், தம் ஊரில் மெழுகுவர்த்தி வார்க்கும், சோப்பு செய்யும், மசாலா அரைக்கும் கறுப்பினத் தொழில்முனைவோருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர்களுக்கு இரண்டாவது ஆர்டரைக் கொடுப்பதும், அதற்குரிய பணத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பதும்தான். முதல் ஆர்டரை யாரும் கொடுத்துவிடுவார்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் கையில் கொல்லப்பட்டதை அடுத்த வாரங்களில், நாடெங்கும் கறுப்பினத்தவர் நடத்தும் புத்தகக் கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் ஆர்டர்கள் மலைபோல் குவிந்தன. நான்கு பேர் வேலை செய்யும் கடைகள் அவற்றைக் கட்டி அனுப்ப முடியாமல் திணறின. புத்தகம் வரத் தாமதமானதற்காக, ஆதரிக்க வந்தவர்களே கோபித்துக்கொண்டார்கள். பிறகு அந்த வெள்ளம் வடிந்துவிட்டது. வெள்ளத்தை நம்பி யாரும் நடவு செய்வதில்லை. வாய்க்காலில் முறை வைத்து வரும் தண்ணீர்தான் தொழிலுக்கு வேண்டும்.

பரிசுப்பொருள் கடை, மளிகை, தேநீர்க் கடை, புத்தகக் கடை போன்றவற்றை நடத்துவோருக்காக இதை எழுதுகிறேன். மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகர் ஒன்றில் நானே ஒரு சிறிய பரிசுப்பொருள் கடையை நடத்துவதால், எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த ஊரிலிருந்தே வரும்.

தொடங்கும் முன் அறிந்திருக்க வேண்டியவை

அமெரிக்க மத்திய வங்கியின் 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வெள்ளையினக் குடும்பம் ஒன்றின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். இந்த நாட்டில் சிறுதொழில் தொடங்குவோர் பெரும்பாலும் வங்கியை நம்பித் தொடங்குவதில்லை. சொந்தச் சேமிப்பு, வீட்டின் மேல் வாங்கும் கடன், அண்ணன் தம்பியிடம் வாங்கும் கைமாற்று ஆகியவைதான் முதலீடு. அந்த மூன்றும் மெலிந்திருக்கும் இடத்தில் தொழிலும் மெலிந்தே பிறக்கிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 விழுக்காடு இருக்கும் கறுப்பினத்தவரிடம், சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே இருக்கின்றன. கொரோனா பரவிய 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், தொழிலில் இருந்த கறுப்பின உரிமையாளர்களின் எண்ணிக்கை 41 விழுக்காடு சரிந்தது. வேறு எந்த இனத்தவருக்கும் அவ்வளவு சரிவு நேரவில்லை. கையிருப்பு இல்லாதவர்களால் இரண்டு மாதம் கதவைச் சாத்தி வைத்திருக்க முடியாது என்பதே இதன் பொருள்.

கையிருப்பு ஏன் இல்லை என்று கேட்பவர்கள் டெட்ராய்ட்டின் ஹேஸ்டிங்ஸ் தெருவைத் தேடிப் பார்க்கலாம். பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற இரு பகுதிகளின் ஊடே ஓடிய அந்தத் தெருவில் கறுப்பினத்தவரின் மருந்துக்கடைகளும் உணவகங்களும் இசைக்கூடங்களும் நெருக்கியடித்து நின்றன. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் அவை இடிக்கப்பட்டன. தெரு கிடந்த இடத்தில் இன்று நெடுஞ்சாலை ஓடுகிறது. அதற்கு முன்பே, 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடங்கள் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணமிட்டு, கடன் கொடுப்பதற்கு ஆபத்தான இடங்கள் என்று குறித்திருந்தன.

அதே டெட்ராய்ட்டில்தான், 1930 ஜூன் மாதத்தில், ஃபேனி பெக் என்ற போதகரின் மனைவி ஐம்பது பெண்களைக் கூட்டி இல்லத்தரசிகள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கறுப்பினத்தவர் கடைகளில் வாங்குவது, அவர்கள் செய்த பொருள்களைக் கேட்டு வாங்குவது, கறுப்பின இளைஞர்களுக்கு வேலை தரும் கடைகளை நாடுவது ஆகியவை அவர்களுடைய உறுதிமொழி. ஆயினும் கடை தூய்மையாக இருக்க வேண்டும், சரக்கு தரமாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர்களிடம் கண்டிப்பும் காட்டினார்கள். சில ஆண்டுகளில் உறுப்பினர்கள் பத்தாயிரத்தைத் தொட்டார்கள். வீட்டுச் செலவுக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் நடத்திய இயக்கம் என்பதால் அதில் இரக்கத்தின் வாடை இல்லை. நாமும் அந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை என்று நான் நினைக்கிறேன்.

முதற்படி: உங்கள் செலவுக் கணக்கை எடுத்து வையுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன்னால், கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கடையிலிருந்து பணம் யார் யாருக்குப் போயிற்று என்று ஒரு தாளில் எழுதுங்கள். விற்பனைச் சரக்கு ஒரு பக்கமும், கடையை நடத்தும் செலவு மறுபக்கமும் இருக்கட்டும். இரண்டாவது பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பை, பெயர்ப்பலகை, அச்சு வேலை, துப்புரவு, கணக்கர் கட்டணம், மின்வேலை, பனி அள்ளுபவர், திறப்பு விழாவுக்கு வரும் சிற்றுண்டி என்று அதில் பத்துப் பதினைந்து வரிகளாவது வரும்.

இனி ஒவ்வொரு வரியிலும், இதை மாற்ற முடியுமா என்று மட்டும் கேளுங்கள். மாற்ற முடியாதவற்றை விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் முடியவிருப்பவை, தரத்தில் உங்களுக்கே நிறைவில்லாதவை, ஒரே பொருளை நான்கு பேரிடம் வாங்குபவை ஆகிய மூன்று வகையிலிருந்து இரண்டோ மூன்றோ வரிகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2020 இல் அரோரா ஜேம்ஸ் என்ற வடிவமைப்பாளர், பெரிய கடைகள் தங்கள் அலமாரித் தட்டுகளில் 15 விழுக்காட்டைக் கறுப்பினத்தவர் நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அழகுசாதனக் கடைத்தொடரான செஃபோரா முதலில் ஒப்புக்கொண்டது. ஆயிரக்கணக்கான பொருள்களை விற்பவர்களுக்கு அப்படி ஓர் எண் பயன்படலாம். முந்நூறு பொருள் விற்கும் கடைக்கு, நிலையாகக் கொள்முதல் செய்யும் மூன்று உறவுகள் எந்த விழுக்காட்டையும்விட நல்ல இலக்கு.

இரண்டாம் படி: தேடுங்கள், கேட்டு உறுதிசெய்யுங்கள்

கணினி முன் உட்கார்ந்து தேடினால், நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே அகப்படுவார்கள். டெட்ராய்ட்டில் சனிக்கிழமை காலை ஈஸ்டர்ன் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் நடந்தால், சாஸ் காய்ச்சுபவர், தேநீர் கலப்பவர், தோலில் பூசும் ஷியா வெண்ணெய் அடிப்பவர் என்று பலரை நேரிலேயே பார்க்கலாம். லிவர்னாய் சாலையில் கறுப்பினத்தவர் நடத்தும் துணிக்கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. தேவாலயங்களின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் விலைப்பட்டியல்கூட இல்லாத அருமையான உற்பத்தியாளர்கள் இருப்பார்கள். முடிதிருத்தும் நிலையத்தில் கேட்டால் ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற செய்தி முழுவதும் கிடைக்கும். நம் ஊர் டீக்கடை செய்யும் வேலையை அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் முடிதிருத்தும் நிலையங்கள் செய்கின்றன. இவற்றுக்குப் பிறகு பட்டியல்களைப் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பின வணிகர் சங்கங்களின் கூட்டமைப்பு 2021 முதல் பைபிளாக் என்ற தேசியப் பட்டியலை நடத்தி வருகிறது.

கறுப்பினத்தவர் நிறுவனம் என்பதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல், உரிமையில் குறைந்தது 51 விழுக்காடு அவர்களிடம் இருப்பதும் அன்றாட நிர்வாகம் அவர்கள் கையில் இருப்பதும் ஆகும். பெருநிறுவனங்கள் இதற்குச் சான்றிதழ் கேட்கும். அந்தச் சான்றிதழைப் பெறுவதற்குக் கட்டணமும் ஒரு கட்டுக் காகிதமும் வேண்டும் என்பதால், முப்பது ஜாடி வாங்கும் சிறு கடை அதைக் கேட்பது நியாயமன்று. “உங்கள் நிறுவனத்தைப் பற்றி எங்கள் வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்ல விரும்புகிறீர்கள்?” என்று கேட்டால் போதும். சிலர் இனத்தை முன்னிறுத்துவார்கள். சிலர் ஊரை மட்டும் சொல்லச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: சட்டப்படி தட்டில் வைக்கக் கூடியதா என்று பாருங்கள்

நல்லெண்ணத்தோடு தொடங்கிய ஏற்பாடுகள் பல இந்த இடத்தில்தான் உடைகின்றன. மிச்சிகனில் வீட்டுச் சமையலறையில் செய்த ஜாம், பிஸ்கட் போன்றவற்றைச் செய்தவரே வாடிக்கையாளரிடம் நேரடியாக விற்கலாம். கடைகளுக்கு மொத்த விலையில் விற்கவோ, விற்றுத் தருமாறு கடையில் வைக்கவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே சந்தையில் உங்களுக்குப் பிடித்துப்போன பீச் ஜாம் உங்கள் தட்டுக்கு வர வேண்டுமானால், அது உரிமம் பெற்ற சமையலறையில் செய்யப்பட வேண்டும். அத்தகைய பொதுச் சமையலறைகள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆறு மாதத்துக்கான ஆர்டரை எழுத்தில் கொடுத்தால், அந்த வாடகையை ஏற்கும் துணிவு ஜாம் செய்பவருக்கு வரும். உங்கள் தேநீர்க் கடையில் உரிமம் பெற்ற அடுக்களை இருந்து, இரவில் அது சும்மா கிடக்குமானால், உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அதையே வாடகைக்கு விடலாம். என் பார்வையில், எந்த விளம்பரத்தையும்விட இது பெரிய உதவி.

சோப்பு, களிம்பு, முடி எண்ணெய் ஆகியவற்றில் சிக்கல் பெரும்பாலும் ஒட்டுத்தாளில் இருக்கும். தோலை மென்மையாக்கும் என்று எழுதினால் அது அழகுசாதனம். எக்சிமா எனும் தோல்நோயைக் குணப்படுத்தும் என்று எழுதினால் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அது மருந்து. 2022 இல் வந்த அழகுசாதனச் சட்டம், ஆண்டு விற்பனை சராசரி 10 லட்சம் டாலருக்குள் உள்ள சிறு உற்பத்தியாளர்களுக்குப் பதிவு செய்வதிலிருந்து பெரும்பாலும் விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் உட்பொருள் பட்டியல், நிகர எடை, தொடர்பு முகவரி ஆகியவற்றிலிருந்து விலக்கில்லை. ஒட்டுத்தாளில் தவறு கண்டால் சரக்கைத் திருப்பி அனுப்பாமல், என்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மறு அச்சுக்கு நேரம் கொடுங்கள். பார்கோடு இல்லாவிட்டால் உங்கள் கடையின் கணினியிலேயே ஓர் எண் உருவாக்கி ஒட்டிக்கொள்ளலாம். அதற்காக யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

நான்காம் படி: விலையும் பணம் கொடுக்கும் முறையும்

மற்ற படிகளில் தவறினாலும் சரிசெய்துகொள்ளலாம். இதில் தவறினால் உதவி செய்யப்போய் அவருடைய முதலீட்டையே முடக்கியவர்கள் ஆவோம். ஆகவே ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் சோயா மெழுகுவர்த்தி செய்கிறார். கடையில் அதன் விலை 24 டாலர். பரிசுப்பொருள் கடைகளின் வழக்கப்படி மொத்த விலை அதில் பாதி, அதாவது 12 டாலர். மெழுகு, திரி, வாசனை எண்ணெய், கண்ணாடி ஜாடி, ஒட்டுத்தாள் எல்லாம் சேர்த்துப் பொருட்செலவு மட்டும் 5.50 டாலர். நீங்கள் 36 ஜாடி கேட்கிறீர்கள். பில் 432 டாலர். அவர் முதலில் 198 டாலருக்குப் பொருள் வாங்கி, இரண்டு வாரம் உழைத்துக் கொண்டுவந்து தருகிறார். உங்கள் கடையின் விதிப்படி, சரக்கு வந்த 60 நாளில் பணம். ஆக, அந்த 198 டாலர் ஏறத்தாழ 75 நாள் அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. அதைக் கிரெடிட் கார்டில் 24 விழுக்காடு வட்டிக்கு எடுத்திருந்தால் வட்டி மட்டும் 10 டாலரை நெருங்கும். அதைவிட மோசமானது, இடையில் வேறொரு கடை ஆர்டர் கொடுத்தால் மெழுகு வாங்கப் பணமிருக்காது.

இதையே மாற்றிப் பாருங்கள். ஆர்டரோடு பாதித் தொகை முன்பணம், அதாவது 216 டாலர். மீதி, சரக்கு வந்த ஏழு நாளில். முன்பணம் பொருட்செலவு முழுவதையும் மூடிவிடுகிறது. அவர் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கு இதனால் ஆகும் செலவு, 432 டாலரைச் சில வாரங்கள் முன்னால் கொடுப்பது மட்டுமே. நாம் பெருவணிகர்களிடம் 60 நாள் தவணை வாங்குகிறோம் என்பதால் அதே தவணையைத் தனியொருவர் மேல் சுமத்துவது, யானை சுமக்கும் அம்பாரியை ஆட்டுக்குட்டி மேல் ஏற்றுவது போன்றது.

கன்சைன்மென்ட் எனப்படும், விற்ற பிறகு காசு கொடுக்கும் முறையைப் பலர் உதவி என்று எண்ணி முன்வைக்கிறார்கள். நூறில் 60 அவருக்கு, 40 கடைக்கு என்று வைத்தால் ஒரு ஜாடிக்கு அவருக்கு 14.40 டாலர் கிடைக்கும். மொத்த விலையைவிட அதிகம்தான். ஆனால் விற்காமல் போகும் ஆபத்தும், உடைவதும், திருட்டும், காத்திருப்பும் எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. புதுப் பொருளை ஒரு பருவத்துக்கு முயன்று பார்க்க இதைப் பயன்படுத்தலாம். அப்போதும் ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணுதல், அடுத்த மாதம் 10 ஆம் தேதிக்குள் பணம், கடையில் உடைந்ததற்கும் காணாமல் போனதற்கும் கடையே பொறுப்பு, 90 நாளில் ஒன்று மொத்தக் கொள்முதலுக்கு மாறுவது அல்லது திருப்பிக் கொடுப்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடை திவாலானால், விற்பனைக்கு வைத்த சரக்கைக் கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் உரிமை கோர முடியும் என்பதையும், சரக்கில் தமக்குள்ள உரிமையை அறிவிக்கும் யூசிசி-1 படிவத்தை மாநில அலுவலகத்தில் பதிந்து அதைத் தடுக்கலாம் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

இந்தப் பொறுப்பு விதியை நான் கற்றது ஒரு ஜூலை மாதத்தில். விற்ற பிறகு காசு என்ற ஏற்பாட்டில் வந்த 24 ஜாடி ஷியா வெண்ணெயை, பார்வையாக இருக்கட்டும் என்று தெற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் அடுக்கினேன். வெயிலில் உருகி, இரவில் மெல்ல உறைந்து, சனிக்கிழமைக்குள் ஜாடி முழுவதும் மணல்மணலாகிவிட்டது. நெய் அப்படி உறைந்தால் நாம் கொண்டாடுவோம். ஷியா வெண்ணெய் அப்படி ஆனால், தடவும்போது கை நெறுநெறுக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். செய்தவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, “நானே மறுபடி அடித்துத் தருகிறேன்” என்றார். ஜன்னல் என்னுடையது; தவறும் என்னுடையது. முழுத் தொகைக்கும் அன்றே காசோலை எழுதினேன். அவரோ வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்ற வரியை அடுத்த ஒட்டுத்தாளில் சேர்த்துவிட்டார்.

இன்னும் சில சிறு விதிகள் உண்டு. அறிமுகத் தள்ளுபடி கேட்காதீர்கள். இலவச மாதிரி கேட்காதீர்கள். ஒன்றை விலை கொடுத்து வாங்கிப் பாருங்கள். வாரத்துக்கு 40 ஜாடி செய்யக்கூடியவரிடம் 200 கேட்காதீர்கள். ஊரில் வேறு கடைக்குக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை, அந்தக் கடை வாங்கியிருக்கக்கூடிய அளவையும் சேர்த்து வாங்க முடிந்தால் மட்டும் போடுங்கள். அடக்கவிலை கணக்கிடாமல் மிகக் குறைவாக விலை சொல்பவரிடம், “இதில் உங்கள் கூலி எங்கே இருக்கிறது?” என்று கேட்டுவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வைத்தால் அவர் ஓராண்டில் தொழிலை விட்டுவிடுவார். உங்களுக்கும் அந்தப் பொருள் போய்விடும்.

ஐந்தாம் படி: தட்டில் வைக்கும் முறை

மெழுகுவர்த்தி மெழுகுவர்த்திகளோடும் தேநீர் தேநீரோடும் இருக்கட்டும். கறுப்பினத்தவர் பொருள்கள் என்று கடைக்கோடியில் தனி மேசை போட்டால், ஏற்கெனவே ஆதரவு உள்ளவர்கள் மட்டும் அங்கே போவார்கள். மெழுகுவர்த்தி வாங்க வந்தவர் அதைப் பார்க்கவே மாட்டார். செய்தவரின் பெயர், ஊர், செய்முறை பற்றி இரண்டு வரி கொண்ட சிறு அட்டை போதும். விற்பவருக்குப் பொருளைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்: ஷியா வெண்ணெயைக் கடலையளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே தடவ வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர், அது பிசுபிசுக்கிறது என்ற புகாரைத்தான் சம்பாதிப்பார்.

கறுப்பினத்தவர் தலைமுடிக்கான எண்ணெய்களையும் களிம்புகளையும் மட்டும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம் பெரிய கடைகளில் நெடுங்காலம் இருந்தது. வால்மார்ட் நிறுவனமே 2020 ஜூனில்தான் அதை நிறுத்துவதாக அறிவித்தது. உங்கள் கடையில் எது பூட்டியிருக்கிறது, யாரை ஊழியர் பின்தொடர்ந்து நடக்கிறார் என்பதைச் சரிசெய்யாமல், தட்டில் எந்த அட்டையை வைத்தும் பயனில்லை.

ஆறாம் படி: நாள்காட்டி

பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். கார்ட்டர் வுட்சன் 1926 இல் ஒரு வாரமாகத் தொடங்கியது அது. ஜூன் 19, அடிமைத்தளை அறுந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த். 2021 முதல் கூட்டாட்சி விடுமுறை. ஆகஸ்ட் மாதம் 2004 முதல் கறுப்பின வணிக மாதமாகக் கொண்டாடப்படுகிறது. இந்த நாள்களில் உற்பத்தியாளர்களுக்கு அழைப்புகள் குவியும். ஒரே சனிக்கிழமையில் மூன்று இடங்களில் மேசை போட அழைப்பார்கள், பல இடங்களில் மேசைக்குக் கட்டணமும் கேட்பார்கள். நீங்கள் அழைக்கத் தகுந்த காலம் அக்டோபர். மேசைக்குக் கட்டணம் வாங்காமல், மாலை முழுவதும் கடையைக் கொடுத்து, விற்றதில் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு ஆர்டரோ அதற்கும் முன்னால் போக வேண்டும். நவம்பரின் நான்காம் வியாழனான நன்றி நவிலல் நாள் முதல் கிறிஸ்துமஸ் வரை விற்கும் சரக்குக்கான ஆர்டரையும் முன்பணத்தையும் ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுத்தால், அவர் ஜாடியை மொத்தமாக மலிவு விலையில் வாங்க முடியும். அந்தக் காலத்தின் மூன்றாவது நாளிலேயே சிறு வணிகச் சனிக்கிழமை வந்துவிடும். 2010 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தொடங்கிய அந்த நாளில் வாடிக்கையாளர் தாமாகவே உள்ளூர்ச் சரக்கைத் தேடி வருகிறார்கள். அன்று தட்டு வெறுமையாக இருந்தால் அது இருவருக்கும் இழப்பு.

ஏழாம் படி: சரக்கைத் தாண்டி

முதற்படியில் எழுதிய தாளின் இரண்டாவது பக்கத்துக்கு இப்போது வாருங்கள். அச்சகம், கணக்கர், மின்பணியாளர் ஆகிய சேவைகளில் ஆண்டு முழுவதும் நிலையாகப் பணம் போகிறது. பெயர்ப்பலகை எழுதுபவரை ஒருமுறை மாற்றினால் பத்தாண்டுக்கு ஒரு வேலை. துப்புரவு ஒப்பந்தத்தை மாற்றினால் வாரம் ஒரு வருமானம். கேன்டன், நோவை, ட்ராய் போன்ற டெட்ராய்ட்டின் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அரங்கேற்றம், மஞ்சள் நீராட்டு, பொங்கல் விழா என்று மண்டபமும் ஒலிபெருக்கியும் படப்பிடிப்பும் ஆண்டு முழுவதும் அமர்த்துகிறோம்; விலைப்புள்ளி கேட்கும்போது நமக்குத் தெரிந்த நான்கு பேரையே கேட்கிறோம். ஐந்தாவதாக ஒருவரைக் கேட்பதில் எந்தச் செலவும் இல்லை.

வங்கிக் கணக்கும் ஒரு கொள்முதல்தான். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோருக்காக 1865 இல் தொடங்கப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கி, 1874 இல் நிர்வாகக் கேட்டால் மூழ்கியபோது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் முடங்கிப்போயிற்று. வங்கிகளின் மேல் அந்தச் சமூகத்துக்கு ஏற்பட்ட அவநம்பிக்கை தலைமுறைகளைக் கடந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களிடம் சூசூ என்ற பெயரில் நம் சீட்டைப் போலவே ஒரு முறை இன்றும் நடக்கிறது. மாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். டெட்ராய்ட்டில் 1970 இல் தொடங்கப்பட்ட, கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ஃபர்ஸ்ட் இன்டிபென்டென்ஸ் வங்கி இருக்கிறது. உங்கள் கடையின் சேமிப்பில் ஒரு பகுதியை அங்கே வைத்தால், கூட்டாட்சிக் காப்பீட்டின்படி 2,50,000 டாலர் வரை எந்த ஆபத்தும் இல்லை. அந்த வைப்பிலிருந்துதான் அங்குள்ள சிறுதொழில் கடன்கள் பிறக்கின்றன. நேரடியாகக் கடன் கொடுக்க விரும்புவோர், 15,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன் திரட்டித் தரும் கீவா அமைப்பின் மூலம் 25 டாலரிலிருந்தே கொடுக்கலாம்.

பக்கத்துக் கடையே கறுப்பினத்தவர் கடையாக இருந்தால் வழி இன்னும் எளிது. பெட்டி, பை, ரசீதுச் சுருள் ஆகியவற்றைச் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். உங்களிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவரை அங்கே அனுப்பலாம். வணிகர் சங்கக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போகலாம். வாகன நிறுத்தம், தெருவிளக்கு, வாடகை பற்றிய முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

எட்டாம் படி: சட்ட எல்லை

நல்ல நோக்கமும் வழக்கில் சிக்கக் கூடும். 1866 ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், ஒப்பந்தம் செய்துகொள்வதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோரைக் காக்க எழுந்தது அது. அதே சட்டத்தைக் காட்டி, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் நிதியளித்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் மேல் வழக்குத் தொடரப்பட்டது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நிதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிதியளிப்புப் போட்டியை மூடிவிட ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டார்கள். யாரைக் காக்கப் பிறந்த சட்டம் யாருக்கு எதிராகத் திரும்பியது என்று எண்ணினால் கசப்புதான் மிஞ்சுகிறது. என்றாலும் கடைக்காரர் அதை அறிந்தே நடக்க வேண்டும்.

ஆகவே இந்தத் தட்டு இந்த இனத்தவருக்கு மட்டும், இந்த மானியம் இந்த இனத்தவருக்கு மட்டும் என்று எழுதாதீர்கள். வாடிக்கையாளரின் இனத்தைப் பார்த்துத் தள்ளுபடி கொடுக்காதீர்கள். உள்ளூர் உற்பத்தியாளர் எல்லோருக்கும் விண்ணப்பத்தைத் திறந்து வையுங்கள். ஆனால் அந்தச் செய்தி இதுவரை போய்ச் சேராத சந்தைக்கும் தேவாலயத்துக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் நீங்களே கொண்டுபோய்ச் சேருங்கள். முன்பணம், ஏழு நாளில் பணம் ஆகிய விதிகளும் எல்லாச் சிறு உற்பத்தியாளருக்கும் பொதுவாகவே இருக்கட்டும். ஒப்பந்த நகலை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஏட்டில் மூன்று கட்டம்

எத்தனை புது நிறுவனங்களைச் சேர்த்தோம் என்ற கணக்கு ஏமாற்றக் கூடியது. ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று கட்டம் போடுங்கள்: எத்தனை முறை மறு ஆர்டர் கொடுத்தோம், பில் வந்து எத்தனை நாளில் பணம் கொடுத்தோம், தட்டில் சரக்கு இல்லாமல் எத்தனை நாள் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சரியாக விற்காத பொருளை வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஏன் விற்கவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னதை மாற்றாமல் அவரிடம் சொல்லி, வாசனையையோ அளவையோ விலையையோ மாற்றிப் பார்க்க ஒரு வாய்ப்பு கொடுத்து, அதன் பிறகு நிறுத்திக்கொள்ளலாம். டெட்ராய்ட் இல்லத்தரசிகள் காட்டிய கண்டிப்பு இதற்கும் பொருந்தும்.

மறு ஆர்டர் எப்போது போக வேண்டும் என்பதற்கும் சிறு கணக்கு உண்டு. வாரத்துக்கு 4 ஜாடி விற்கிறது, செய்து தர 2 வாரம் ஆகும் என்றால், காத்திருக்கும் காலத்துக்கு 8, எதிர்பாராத விற்பனைக்கு 4, ஆக இருப்பு 12 ஆனதும் ஆர்டர் போக வேண்டும். என் கடையில் பன்னிரண்டாவது ஜாடியின் அடியில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கிறோம். கல்லாவில் இருப்பவர் அந்தப் புள்ளியைக் கண்டதும் என்னைக் கேட்காமலே செய்தி அனுப்பிவிடுவார்: “இருப்பு 12. மறுபடி 36 வேண்டும். பாதித் தொகை 216 டாலர் இப்போது அனுப்பியிருக்கிறோம்.”